இருபது கிலோ

எங்கள் வீட்டு மாடியறைச் சுவரில் ஒரு வரைதாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் மூன்று பத்திகள். முதல் இரண்டும் அண்ணன் தம்பியாகிய எங்களுடையவை. அவற்றில் உள்ள எண்கள் கிலோ கணக்கில் எழுதப்பட்டவை. மூன்றாவது பத்தி அப்பாவினுடையது. அது கிராம் கணக்கில் ஓடுகிறது. இந்த மூன்றாம் பத்தி வந்த கதையைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறோம். ஆனால் அதற்கு முதல் இரண்டு பத்திகளின் அசட்டுத்தனத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2020ல் ஊரடங்கு வந்து உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது பலரையும் போல நாங்களும் வீட்டுக்கு ஒரு டம்பெல் செட் வாங்கினோம். பெட்டியின் மீது ‘20 கிலோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒரு கைக்கு இருபது கிலோ என்று புரிந்துகொண்டோம். பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது வட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு என்று. 3 கிலோ வட்டுகள் நான்கு, 2 கிலோ வட்டுகள் நான்கு, இரும்பு ராடுகள் இரண்டு, திருகி முடுக்க நான்கு நட்டுகள். இரண்டு கைக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு ராடுக்குப் பத்துக் கிலோ வட்டு, ராடும் நட்டும் ஏறக்குறைய 2 கிலோ, ஆக 12. பெட்டி பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் எங்களுக்குப் பிடித்த விதமாக வாசித்திருந்தோம்.

எடையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கருவியின் பெருமை. எத்தனை விதமாக மாற்றலாம் என்று ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இரு கையிலும் ஒரே எடை வேண்டும், ராடின் இரு முனைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்தால் கிடைப்பவை நான்கே எண்கள்: 2, 6, 8, 12. ஒரு முனையில் மூன்றும் மறுமுனையில் இரண்டுமாக மாட்டி ஏழு வரவழைக்கலாம். மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சரியும். எட்டுக் கிலோவை இலகுவாகத் தூக்கப் பழகியவன் அடுத்துப் பன்னிரண்டைத்தான் தூக்கியாக வேண்டும். இடையில் படிக்கட்டு இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு என்பது ஒன்றரை மடங்கு.

இந்த மடங்குக் கணக்கு உடம்புக்குப் புதிதல்ல. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் வெபர் 1834ல் தொடு உணர்வைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். கையில் எடைகளைத் தூக்கி ஒப்பிடும் மனிதன் உணர்வது எத்தனை கிராம் கூடியது என்பதை அல்ல, ஏற்கனவே இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதை. ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கூடினால் வேறுபாடு தெரிந்துவிடுகிறது. நாற்பது கிலோ தூக்குபவனுக்கு ஒரு கிலோ என்பது அப்போதுதான் தெரியத் தொடங்கும் மாற்றம். ஒரு கிலோ தூக்குபவனுக்கு அதே ஒரு கிலோ என்பது உலகம் இரட்டிப்பாவது. இதை நாங்கள் அன்று ஒரு தகவலாகத்தான் படித்தோம்.

*

டம்பெல் என்ற சொல்லே விசித்திரமானது. ஊமை மணி என்று பொருள். தேவாலயத்து மணியைக் கயிறு பிடித்து இழுப்பது நல்ல தேகப் பயிற்சி என்று கண்டவர்கள், மணி இல்லாமல் அதே போன்ற பொறியை வைத்து இழுத்துப் பழகியதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ஜோசப் அடிசன் 1711ல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், தாம் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் இந்த ஊமை மணியோடு பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறார். எழுதுகிறவனுக்கும் எடை தூக்குகிறவனுக்கும் இடையில் பகை இருப்பதாக நம்மில் சிலர் நினைத்துக்கொள்வதுண்டு. பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, அஞ்சல் வழியாகவும் பாடம் சொல்லிக்கொடுத்த கே.வி. ஐயர்தான் கன்னடத்தில் ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ ஆகிய நாவல்களை எழுதியவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஓசையில்லாத மணி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒருநாள் ஊரே கேட்கும்படி ஒலித்தது.

2021 கோடையில் எங்களில் இளையவனுக்குப் பன்னிரண்டு கிலோ போதவில்லை. குனிந்து ஒரு கையால் இழுக்கும் பயிற்சிக்கு ஒரே ராடில் எல்லா வட்டுகளையும் மாட்டிவிடலாமே என்று தோன்றியது. எடை வரம்பு என்றால் இரும்பு முறிவதைப் பற்றிய கணக்கு என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். எங்கள் ராடின் நீளம் 14 அங்குலம், அதாவது 35.5 சென்டிமீட்டர். நடுவில் பிடிக்கும் இடம் 12.5. மீதி இரு பக்கமும் 11.5 வீதம். இந்தப் பதினொன்றரைக்குள்தான் வட்டும் இருக்க வேண்டும், நட்டும் இருக்க வேண்டும்.

எங்கள் வட்டுகள் வெளியே பிளாஸ்டிக், உள்ளே கான்கிரீட் அடைத்தவை. கான்கிரீட்டின் அடர்த்தி வார்ப்பிரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதே எடைக்கு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மூன்று கிலோ வட்டின் தடிமன் 4 சென்டிமீட்டர், இரண்டு கிலோ வட்டினுடையது 3. பக்கத்துக்கு நான்கு வட்டு என்றால் 14. ராடில் இடமே இல்லை. மூன்று வட்டு என்றால் 11. மிச்சம் அரை சென்டிமீட்டர். அந்த அரை சென்டிமீட்டரில் நட்டு இரண்டு சுற்று ஏறியது. ஏறிவிட்டதே என்று மகிழ்ந்தோம். எடை 18 கிலோ.

ராடு முறியவில்லை, வளையக்கூட இல்லை. ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் வட்டுகள் ராடின் மீது சிறிது உருளும். தன்னோடு ஒட்டியிருக்கும் நட்டையும் இழுத்துக்கொண்டு உருளும். முழு நட்டும் மரையில் ஏறியிருந்தால் இது பெரிதல்ல, அவ்வப்போது முடுக்கிக்கொள்ளலாம். இரண்டு சுற்றில் நிற்கும் நட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஒன்பதாவது முறை மேலே இழுத்தபோது ஒரு பக்கத்து வட்டுகள் நழுவின. ஒரு பக்கம் எடை போனதும் மறுபக்கம் பாரத்தால் சாய, ராடு கையை முறுக்கிக்கொண்டு எதிர்ப்புறம் பாய்ந்தது. தரையில் ஓடு ஒன்று நடுவில் பிளந்தது. நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் பாதத்துக்கும் அந்தப் பிளவுக்கும் ஒரு சாண் தூரம் இருந்தது.

அப்பா கால்களை நாற்காலியின் மீது தூக்கி வைத்துக்கொண்டார். உருண்டு வந்து நின்ற நட்டைக் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

“மரை கழண்டது இதுக்கா, இல்ல உங்க ரெண்டு பேருக்குமாடா?” என்றார்.

எங்களால் அன்று சிரிக்க முடியவில்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதுதானே அதன் செய்தி என்று கடந்துவிட்டிருந்தோம். மயிலிறகு என்பதால் எடை என்றே தோன்றாது, ஆகவே எப்போது அளவு மிஞ்சியது என்பதும் தெரியாது என்கிற பகுதியை நாங்கள் படித்திருக்கவில்லை. வண்டிக்கு வரம்பு அச்சில். எங்களுக்கு அந்த வரம்பு மரையின் கடைசி இரண்டு சுற்றில் இருந்தது.

*

பிறகு கொஞ்சம் அறிவு வந்தது. வார்ப்பிரும்பு வட்டுகளை வாங்கினோம்: பக்கத்துக்கு ஒரு 5 கிலோ வட்டு அல்லது இரண்டு, ஒரு 2.5, ஒரு 1.25. எல்லாவற்றையும் மாட்டினாலும் எட்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கியது. நட்டு முழுதாக ஏறி, வெளியே ஒரு சென்டிமீட்டர் மரை தெரிந்தது. அதே ராடு, இப்போது ஏறக்குறைய 29 கிலோ. 1.25 வந்ததால் படிகளும் இரண்டரைக் கிலோவாகச் சுருங்கின. நட்டின் உட்புறம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி முடுக்கினோம். அப்பாவின் நாற்காலி வேறு அறைக்குப் போனது.

குமிழைத் திருகினால் வேண்டிய வட்டுகள் மட்டும் கைப்பிடியோடு எழுந்து வரும் வகை டம்பெல்களும் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற போஃப்ளெக்ஸ் 552 என்ற மாதிரி 5 பவுண்டில் தொடங்கி 52.5 பவுண்டு வரை, அதாவது 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை, பதினைந்து படிகளில் மாறும். அதற்கு மேல் ஒரு வட்டு சேர்க்க வழியில்லை. வரம்பு உள்ளேயே பூட்டப்பட்டது. 2025 ஜூனில் அந்த 552, 1090 மாதிரிகளில் வட்டுகள் பிடியிலிருந்து கழன்று விழக்கூடும் என்று அமெரிக்காவில் ஏறக்குறைய 38 இலட்சம் டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. அச்செய்தியைப் படித்தபோது எங்கள் உடைந்த ஓடு நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே பயன்படுத்தியவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. எங்கள் ஓட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இத்தனைக்கும் எங்கள் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கல் உண்டு. கண்ணால் காணாத கல். அப்பாவின் ஊர் கோயில் திடலில் கிடந்த இளவட்டக்கல் அது. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் இப்படி உருண்டைக் கற்கள் கிடக்கும். பிடிக்க ஒரு விளிம்பு இராது. குனிந்து இரு கையாலும் அணைத்து முதலில் முழங்காலுக்கு, பிறகு தொடைக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று ஏற்றிப் பின்புறம் எறிய வேண்டும். எறிந்தவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் போட்டியாக நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். அப்பா தம் இருபத்திரண்டாம் வயதில் அந்தக் கல்லைத் தோளுக்கு மேல் எறிந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்லும் செய்தி. அத்தைகள் சொல்வார்கள், சித்தப்பா சொல்வார். அப்பா மறுத்ததில்லை.

டம்பெல்லில் எடையை மனிதனுக்கு ஏற்ப மாற்றலாம். கல்லுக்கு அந்தத் தயவு கிடையாது. அது அங்கேயே அப்படியே கிடக்கும். மனிதன்தான் மாறி வர வேண்டும். எங்கள் வரைதாளில் எண் ஏறும்போதெல்லாம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

*

2023ல் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மேற்கை எலும்பு, தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிந்தது. அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அறுவை வேண்டாம், தொட்டில்கட்டில் தானாகக் கூடும் என்றார்கள். கூடியது. கட்டை அவிழ்த்தபோது அந்தக் கை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை சதை வற்றி, தோல் மட்டும் தொங்கியது. காபி டம்ளரை இடது கையால் எடுத்து, வலது கையை வெறுமனே துணைக்கு வைத்துக்கொண்டார். வேட்டியைத் தானே இறுக்கிக் கட்ட முடியவில்லை. அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. நாங்கள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

சில வாரம் எடை ஏதுமின்றிக் கையை அசைக்கும் பயிற்சிகள் நடந்தன. அதன் பிறகு பயிற்சியாளர் வந்து, “இனிமே லேசா வெயிட் கொடுக்கலாம். அரைக் கிலோல ஆரம்பிங்க” என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மாடியில் ஒரு கூடமே வைத்திருக்கிறோமே! இறங்கி வந்து தேடினோம். இருபத்தொன்பது கிலோ வரை ஏறுகிற எங்கள் கருவி அரைக் கிலோவுக்கு இறங்கவில்லை. வட்டே இல்லாத வெறும் ராடு நட்டுகளோடு 2 கிலோ. மிகச் சிறிய வட்டு 1.25. கைப்பிடியில்லாத வட்டை அவரால் பிடிக்கவும் முடியாது.

எடை வரம்பு என்று மூன்று ஆண்டுகளாகப் பேசியபோது ஒரு முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எந்தக் கருவிக்கும் கீழே ஒரு வரம்பு உண்டு. அதற்கும் கீழே இருப்பவன் அந்தக் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. எங்களுக்கு அது பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடேற்ற உதவும் வெறும் ராடு. அப்பாவுக்கு அது தேவையின் நான்கு மடங்கு. அதாவது ஒரு இளவட்டக்கல்.

அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்தான் கைகொடுத்தது. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. எடை மாற்றக்கூடிய கருவிகளிலேயே இதைப் போல நுண்மையானது வேறில்லை என்று இப்போது நினைக்கிறோம். நூறு மில்லி ஊற்றினால் நூறு கிராம். மரை கழலாது, விழுந்தாலும் தரைதான் நனையும். ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடுகள் போட்டோம். ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு. வெபரின் பங்குக் கணக்கு இப்போது எங்கள் கண் முன்னே நடந்தது. ஐந்நூறிலிருந்து அறுநூறுக்குப் போன அன்று அப்பாவின் மேலுதடு வேர்த்தது. எங்களுக்கு நூறு கிராம் என்பது சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியின் பாதி.

தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் காயம்பட்டவர்களுக்கு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தசையை மீட்கும் முறையை 1945ல் எழுதி வெளியிட்டார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் வாலிபர்கள் உச்சரிக்கும் ‘பத்து முறை’, ‘மூன்று சுற்று’ போன்ற சொற்களுக்குப் பின்னால் மருத்துவமனைக் கட்டில்களும் இருக்கின்றன. குரோட்டன் நகரத்து மிலோ கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையானபோதும் தூக்கினான் என்ற பழங்கதையை எல்லாரும் மேல்நோக்கியே சொல்கிறோம். கன்று பிறந்த அன்று எத்தனை எடை இருந்தது, அதைக்கூடத் தூக்க முடியாதவன் என்ன செய்வான் என்று கதை கேட்பதில்லை.

சுவரில் மூன்றாம் பத்தியை அப்பாவே வரைந்தார், இடது கையால். கோடு கோணலாக இருக்கிறது.

*

பாட்டில் ஒரு கிலோவை எட்டிய பிறகு, அடுத்த படி என்ன என்று யோசித்தபோது அப்பாவே ராடைக் கேட்டார். இரண்டு கிலோ வேண்டாம் என்றோம். “நட்டைக் கழட்டிட்டுக் குடுங்கடா” என்றார். நாங்கள் ஒருபோதும் எண்ணிப் பார்க்காதது. நட்டு ஒன்று கால் கிலோ. இரண்டையும் கழற்றினால் ராடு ஒன்றரைக் கிலோ. எங்கள் வரம்புக்கும் கீழே ஒரு படி, எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. எங்களை ஏமாற்றிய அதே நட்டுதான்.

முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து மெதுவாக மேலே கொண்டுவந்தார். எட்டு முறை. கடைசி முறை கை நடுங்கியது. கீழே வைத்துவிட்டு, மூச்சு அடங்கும் வரை பேசவில்லை. எங்களில் மூத்தவன் அவரை உற்சாகப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, “கல்லையே தூக்கி எறிஞ்சவருக்கு இது என்னப்பா” என்றான்.

அப்பா ராடைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நெஞ்சு வரைக்குந்தான் வந்துச்சு” என்றார். “தோளுக்கு ஏறல. வழுக்கிருச்சு. கால்ல விழாம ஒதுங்கிட்டேன்.”

“எல்லாரும் எறிஞ்சதாத்தானே சொல்றாங்க?”

“சொல்லிக்கிட்டாங்க. உங்கம்மா வீட்டுல கல்லைப் பத்தி யாரும் கேக்கவும் இல்ல. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்க.”

ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் சுமந்த கல் அது. எறிந்திருந்தால் அன்றே இறங்கியிருக்கும். எறியாததால் அத்தனை காலமும் நெஞ்சளவில் நின்றிருக்கிறது. அதை இறக்கி வைக்க அவருக்கு ஒன்றரைக் கிலோ ராடு ஒன்று தேவைப்பட்டது. தமிழில் வலி என்ற சொல்லுக்கு வலிமை என்றும் பொருள், நோவு என்றும் பொருள். வலியறிதல் என்ற தலைப்பை இப்போது நாங்கள் இரண்டு விதமாகவும் வாசிக்கிறோம்.

அதன் பிறகு எங்கள் பத்திகளில் பெரிதாக மாற்றம் ஒன்றும் இல்லை. மூத்தவனுக்குத் தோளில் ஒரு பிடிப்பு வந்து இருபத்தி நான்கரையிலிருந்து பதினேழுக்கு இறங்கினான். அதையும் எழுதி வைத்தான். முன்பானால் இறங்கிய எண்ணை எழுதியிருக்க மாட்டான்.

அப்பாவின் பத்தியில் கடைசியாக உள்ள எண் 2000. இரண்டு நட்டுகளும் ஏற்றிய வெறும் ராடு. அடுத்து 1.25 வட்டுகள் மாட்டினால் நான்கரைக் கிலோ, இரண்டு மடங்குக்கும் மேல். அது வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், அப்பாவும் கேட்கவில்லை. வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறார். காலையில் ராடை எடுப்பதற்கு முன் இரு பக்கமும் நட்டைத் திருகிப் பார்க்கிறார். வட்டே இல்லாத ராடில் நட்டு எதைப் பிடிக்கப் போகிறது என்று நாங்கள் கேட்பதில்லை. முழு மரையும் ஏறும் வரை திருகிவிட்டுத்தான் தூக்குகிறார்.